கரைக்குக் கீழே வீடு: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், ஒரே பொருளைப் பற்றியவை. குமரி மாவட்டத்தின் மலையடிவாரத் தோட்டங்களில் தனியார் கட்டி வைத்திருக்கும் சிறிய மண் அணைகளே அந்தப் பொருள். மழைக்காலம் வந்துவிட்டால் பேச்சிப்பாறை 48 அடியில் எத்தனை அடி, பெருஞ்சாணி 77 அடியில் எத்தனை அடி, சிற்றாறு 18 அடியில் எத்தனை அடி என்று நாளிதழில் தினமும் வருகிறது; டீக்கடையில் அதைப் படித்துப் பேசாதவர் இல்லை. ரப்பர் விளைக்குள் நிற்கும் கரையின் நீர்மட்டத்தை எழுதவோ படிக்கவோ ஆளில்லை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடுகளுக்கு மேலே சுமார் 300 மீட்டர் தொலைவில், ஒரு தனியார் தோட்டத்துக்குள் ஓடையை மறித்து மண் கரை போட்டிருக்கிறார்கள். கரை ஏறக்குறைய 25 அடி உயரம், 100 மீட்டர் நீளம் இருக்கும். நீர் நிற்கும் பரப்பு ஒரு ஏக்கர். கூடுதல் நீர் போக 2 அடிக் குழாய் ஒன்று மட்டுமே பதித்திருக்கிறார்கள். கீழே 14 வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் உள்ளன. ஓர் அலுவலகத்தில் கேட்டால் ‘அது பட்டா நிலம்’ என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் ‘அது எங்கள் பட்டியலில் இல்லை’ என்கிறார்கள். இதைக் கண்காணிக்க வேண்டியவர் யார்?
(கடையாலுமூடு பகுதி வாசகர்)

பதில்: இரண்டு அலுவலகங்களும் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வருத்தத்துக்குரிய செய்தி. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது அரசு அணை, தனியார் அணை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. உரிமையாளர் நிறுவனமானாலும் தனி ஆளானாலும், பராமரிப்பும் பருவமழைக்கு முன்னும் பின்னுமான ஆய்வும் அவசரகாலச் செயல்திட்டமும் அவர் பொறுப்பே. ஆனால் அந்தச் சட்டம் கை நீட்டுவது ‘குறிப்பிடப்பட்ட அணை’ என்று தானே வரையறுத்த அணைகளின் மேல் மட்டும்தான். அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து அளந்தால் 15 மீட்டருக்கு மேல் உயரம் இருக்க வேண்டும். அல்லது உயரம் 10 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் இடைப்பட்டிருந்து, கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ, கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டருக்குக் குறையாமலோ, வெள்ளப் போக்கு விநாடிக்கு 2,000 கனமீட்டருக்குக் குறையாமலோ, அடித்தளத்தில் தனிச் சிக்கலோ வழக்கத்துக்கு மாறான வடிவமைப்போ இருக்க வேண்டும். உங்கள் 25 அடி என்பது ஏழரை மீட்டர். அஸ்திவாரத்தைச் சேர்த்து அளந்தாலும் 10 மீட்டரைத் தொடுமா என்பது ஐயமே.

சட்டம் அணையின் உயரத்தைப் பார்க்கிறது. ஆபத்தோ கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் நடமாட்டமே இல்லாத பள்ளத்தாக்கில் நிற்கும் 12 மீட்டர்க் கரையைவிட, அங்கன்வாடிக்கு மேலே நிற்கும் ஏழரை மீட்டர்க் கரைதான் எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது. அமெரிக்காவில் அணைகளை வகைப்படுத்தும்போது, உடைந்தால் ஓர் உயிராவது போகக்கூடும் என்றால் அது உயர் அபாய அணை. கரை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது வேறு கணக்கு. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் டோல்காரோக் என்ற ஊரில் 1925 நவம்பர் 2 அன்று, அலுமினியத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சொந்தமான மேல் அணை உடைந்து, அந்த வெள்ளம் கீழிருந்த மண் அணையின் மேல் வழிந்து அதையும் அடித்துச் சென்றதில் 16 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 1930இல் ஒரு சட்டம் பிறந்தது. அதற்குப் பின்வந்த 1975ஆம் ஆண்டுச் சட்டம், இயற்கைத் தரைமட்டத்துக்கு மேலே 25,000 கனமீட்டர் நீர் தேக்குபவர் யாராக இருந்தாலும் தகுதி பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றது. அந்த அளவை வேல்ஸ் 2016இல் 10,000 கனமீட்டராகக் குறைத்துக்கொண்டது.

உங்கள் குளத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் சராசரி ஆழம் 3 மீட்டர் என்று கொண்டால், நிற்கும் நீர் ஏறக்குறைய 12,000 கனமீட்டர், அதாவது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். கோடையில் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரிகள் ஆயிரத்தை ஒரே நேரத்தில் உங்கள் வீட்டுக்கு மேலே சரிவில் கவிழ்த்தால் என்ன ஆகுமோ அதுதான். வேல்ஸில் இருந்திருந்தால் இந்தக் குளம் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

இதைவிட என்னைக் கலங்க வைப்பது அந்த 2 அடிக் குழாய். குளத்துக்கு நீர் வந்து சேரும் சரிவின் பரப்பு 50 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் இது பெரிய அளவன்று. அதன் மேல் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை கொட்டி, அதில் 60 விழுக்காடு ஓடி வந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் வருவது 12,000 கனமீட்டர். அதாவது முழுக் குளம் இன்னொரு முறை நிரம்பும் அளவு. விநாடிக்கு மூன்றேகால் கனமீட்டருக்கு மேல் வெளியேறினால்தான் மட்டம் ஏறாமல் நிற்கும். இரண்டடிக் குழாய், வாயில் சருகு அடைக்காமல் இருந்தால்கூட, ஒரு கனமீட்டரை விடாது. மீதி நீர் கரையின் தலைக்கு ஏறும். மண் கரைக்கு இதைவிடக் கொடிய பகை இல்லை. வழியும் நீர் கீழ்ச்சரிவை அரித்துப் படிப்படியாக மேலேறி, கரையைப் பிளந்துவிடும். அதே நீரை அரை மீட்டர் ஆழத்தில் விட ஐந்தரை மீட்டர் அகலமுள்ள, கல்லோ கான்கிரீட்டோ பாவிய திறந்த மறுகால், அதாவது மிகைநீர் வழிந்தோடும் வாய், வேண்டும். என் கணக்கு தோராயமானது. உங்கள் சரிவை அளந்து பொறியாளர் ஒருவர் போட வேண்டிய கணக்கு அது. ஆயினும் குழாய் போதாது என்ற முடிவு மாறப்போவதில்லை. 10 செ.மீ. என்பது மிகைப்படுத்திய அளவு என்று எண்ணுபவர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்ததை நினைத்துப் பார்க்கட்டும்.

இனி, யாரிடம் போவது? முதலில் கிராம நிர்வாக அலுவலகத்தில் புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். கரை நிற்கும் இடம் முழுவதும் பட்டாவா, அல்லது நடுவே ஓடைப் புறம்போக்கு ஓடுகிறதா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. நீங்கள் ‘ஓடையை மறித்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓடை அரசுக் கணக்கில் ஓடையாகவே இருந்தால், விஷயம் பட்டாதாரரின் சொந்த விஷயம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொருந்தும். முழுவதும் பட்டா என்றால், இரண்டு வழிகள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையம், பேரிடரைத் தடுப்பதற்கான நடவடிக்கையை எடுக்குமாறு மாவட்டத்தின் எந்தத் துறைக்கும் உத்தரவிடலாம் (பிரிவு 33). ‘எங்கள் பட்டியலில் இல்லை’ என்ற பதிலைத் தாண்ட இது ஒன்றே நேர்வழி. இரண்டாவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கும் அதிகாரம்: விழுந்து அக்கம்பக்கத்தாருக்குத் தீங்கு செய்யக்கூடிய நிலையில் உள்ள கட்டுமானத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். கோட்டாட்சியரே அந்த நடுவர். அவரிடம் மனுக் கொடுங்கள்.

மனுவில் ‘ஆபத்து, ஆபத்து’ என்று எழுதினால் அது கோப்புக்குள் தூங்கிவிடும். கரையின் உயரம், நீளம், நீர்ப்பரப்பு, குழாயின் விட்டம், கீழுள்ள வீடுகளின் எண்ணிக்கை, அங்கன்வாடிக்கு உள்ள தூரம் ஆகியவற்றை எழுதி, தேதியிட்ட படங்களை இணையுங்கள். கேட்க வேண்டியவை மூன்றுதான்: நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரின் நேராய்வு, போதிய மறுகால், அது அமையும் வரை மழைக்காலத்தில் நீர்மட்டத்தைக் கரைத் தலைக்கு 2 மீட்டராவது கீழே வைத்திருக்கும் உத்தரவு. நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் பெறும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பாட்டா காலத்தில் கட்டிய குளம் ஒன்று தோட்டத்தோடு என் பங்குக்கு வந்திருக்கிறது. கரையின் மேல் ஓர் அயனியும் இரண்டு தேக்கும் வளர்ந்து நிற்கின்றன. கரையின் அடியில் ஓரிடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. கரைக்குள் ஒரு பழைய இரும்புக் குழாயும் போகிறது. எல்லா நீரையும் ஒரே நாளில் வடித்துவிட்டு மரங்களை வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்யலாமா?
(குலசேகரம் வாசகர்)

பதில்: கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கு நன்றி. ஒரே நாளில் வடிக்கவே வடிக்காதீர்கள். நெடுங்காலம் நீரில் ஊறிய கரையின் உட்புறச் சரிவை, அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் நீரும் தாங்கி நிற்கிறது. நீரை விரைவாக இறக்கினால் மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. கனத்த சேறாக உட்புறச் சரிவு வழுக்கி இறங்கும். நாளொன்றுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காமல், ஒவ்வொரு நாளும் சரிவில் விரிசல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது அனுபவப்பட்டவர்களின் வழக்கம். கீழே சரிவு வழுக்கி விழும் அறிகுறி தெரிந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் அதை ஒன்று அலட்சியப்படுத்துகிறார்கள், அல்லது அதன் வாயில் களிமண்ணை அடைத்து மூடிவிடுகிறார்கள். கசியாத மண் கரை உலகத்தில் கிடையாது. நீர் கரைக்குள் புகுந்து சாய்வாக இறங்கி எங்காவது வெளியே வரத்தான் செய்யும். நல்ல கரையில் அது கரையடியில் மணலும் சரளையும் அடுக்கிய வடிகட்டி வழியாக, மண்ணை விட்டுவிட்டு நீர் மட்டும் வெளியேறும்படி அமைந்திருக்கும். பழைய கரைகளில் அந்த வடிகட்டி இருப்பதில்லை. வெளியே வரும் நீர் ஒவ்வொரு மண் துகளாகத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினால், வெளிமுனையில் ஒரு சிறு பொந்து உண்டாகி, அது உள்நோக்கி வளர்ந்து, ஒரு நாள் குளத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற பெரிய மண் அணை, முதன்முறையாக நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 1976 ஜூன் 5 அன்று இப்படித்தான் காலையில் கலங்கல் கசிவாகத் தொடங்கி நண்பகலுக்குள் போய்விட்டது.

ஆகவே ஈரம் இருக்கிறதா என்பதைவிட, அது தெளிவாக இருக்கிறதா, கூடுகிறதா என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும். கசியும் நீரை ஒரு சிறு கால்வாயில் ஒன்றுசேர்த்து, ஒரு குழாய்த் துண்டின் வழியே விழச் செய்யுங்கள். ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை, மழை நாட்களில் தினமும், கடிகாரம் வைத்து எண்ணுங்கள். அதே நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்று பாருங்கள். தேதி, குளத்தின் மட்டம், அன்றைய மழை, வாளி நிரம்பிய விநாடி, வண்டல் உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குளம் ஏறும்போது கசிவு கூடுவதும் இறங்கும்போது குறைவதும் இயல்பு. குளம் ஏறாமலே கசிவு கூடினால், அல்லது வண்டல் படிந்தால், அன்றே நீரை இறக்கத் தொடங்கிப் பொறியாளரை அழையுங்கள். பெரிய அணைகளில் கருவி வைத்துச் செய்யும் வேலையை ஒரு வாளியும் ஒரு நோட்டும் இங்கே செய்துவிடும்.

அந்த இரும்புக் குழாய்தான் உங்கள் கரையில் நான் முதலில் பார்க்க விரும்பும் இடம். குழாயைச் சுற்றியுள்ள மண்ணைத் திமிசுக்கட்டையால் எவ்வளவு குத்தினாலும் அதன் அடிவயிற்றில் இறுக்கம் இருக்காது. நீர் குழாயின் வெளிப்புறம் ஒட்டியே வழி தேடும். பழைய இரும்பு துருப்பிடித்துத் துளை விழுந்திருந்தால், கரையின் நடுவே நீர் மண்ணைக் கரைத்துக் குழாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டு வந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, கரைத் தலையில் ஒரு நாள் குழி விழும். ஈரமான இடம் குழாயின் வரிசையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாளிக் கணக்கெல்லாம் பிறகு, பொறியாளர் முதலில்.

மரங்களைப் பற்றி: கைத்தடிப் பருமன் வரை உள்ள கன்றுகளையும் புதர்களையும் இப்போதே வெட்டிவிடலாம், ஆண்டுதோறும் வெட்டியும் வர வேண்டும். புல் மட்டும் இருக்கட்டும். அது கரையின் தோல். ஆனால் அயனி போன்ற முதிர்ந்த மரத்தை நீர் நிற்கும்போது வேரோடு பிடுங்கினால், கரையில் ஒரு கிணற்றையே தோண்டியதாகிவிடும். மரத்தை மட்டும் வெட்டி வேரை விட்டால், சில ஆண்டுகளில் வேர் மட்கி, அதன் இடத்தில் நீர் ஓட ஆயத்தமான குழாய்கள் கிடைக்கும். நீரை மெல்ல இறக்கிய பின், கோடையில், பொறியாளர் முன்னிலையில் வேரைத் தோண்டியெடுத்து, அதே வகை மண்ணைச் சிறு அடுக்குகளாகப் போட்டு ஈரம் பார்த்துக் குத்தி நிரப்புவதே சரியான வேலை. நம் பக்கத்துச் சரல் மண்ணை மட்டும் கொண்டு நிரப்பிவிடாதீர்கள். அதில் நீர் எளிதாகப் புகும்.

முள்ளம்பன்றி, பெருச்சாளி, நண்டு, கரையான் ஆகியவற்றின் வளைகளையும் புற்றுகளையும் சிறிதாக எண்ண வேண்டாம். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை உடைந்து பலர் மாண்டபோது, அமைச்சர் ஒருவர் நண்டுகளின் மேல் பழியைப் போட்டு நாடெங்கும் கேலிக்கு ஆளானார். நண்டு கரையைத் துளைக்கும் என்பது உண்மை. துளைத்த நண்டைக் கண்டுபிடித்து வளையை அடைப்பதற்குத்தான் மனிதரை வைத்திருக்கிறோம் என்பதை அவர் மறந்துவிட்டார்.

பிற ஊர்களில் ஆண்டுக்கு ஒரு பருவமழை என்றால், நமக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் வருகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் அதனால்தான் நீர் கிடைக்கிறது. ஆனால் கரைக்கு ஓய்வு கிடைப்பதில்லை. எனவே பெரிய பழுதுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையே இடைவெளி. செப்டம்பர் இறுதியில் இன்னொரு முறை முழுக் கரையையும் நடந்து பார்க்க வேண்டும். தோட்டத்தின் பழைய ஆவணங்களையும் எடுத்துப் பாருங்கள். 1956 நவம்பருக்கு முன் நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் பல பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பெரியவரிடம் கொடுத்து, ஓடையைப் பற்றியும் கீழ் நிலத்தாரின் நீருரிமை பற்றியும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: தோட்டக் குளத்தில் மீன் வளர்க்கிறோம். மழையில் மீன் வெளியேறாமல் இருக்க மறுகாலில் வலை கட்டலாமா? கோடைக்குக் கூடுதல் நீர் தேக்க மறுகாலின் மேல் இரண்டு அடிக்குப் பலகை போடலாமா?
(அருமனை வாசகர்)

பதில்: இரண்டும் கூடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செல்வந்தர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்று, சவுத் ஃபோர்க் என்ற பழைய மண் அணையை 1879இல் வாங்கியது. மீன் தப்பாமலிருக்க மறுகாலில் கம்பி வலை கட்டினார்கள். வண்டி போக வசதியாகக் கரைத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். முன்பிருந்தவர் அடிக் குழாய்களைப் பிடுங்கி விற்றிருந்தார், அவற்றைத் திரும்பப் போடவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் வலை குப்பையால் அடைபட்டது, நீர் கரையின் மேல் வழிந்தது, 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். இன்றும் அணைப் பாதுகாப்பு படிக்கும் மாணவருக்கு முதலில் சொல்லும் கதை இதுதான்.

பலகையைப் பற்றி: நள்ளிரவில், கொட்டும் மழையில், அந்தப் பலகையை எடுக்க யார் போவார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் மாநிலத்திலேயே 1977இல் குடகனாறு மண் அணையில் ஆட்கள் இருந்தும் ஷட்டர்களை முழுவதும் உயர்த்த முடியாமல் போய், நீர் கரையின் மேல் ஏறி உடைந்தது. சிறு குளத்தின் மறுகால், யாரும் தொடாமலே தானாக வேலை செய்ய வேண்டும். மீனுக்கு வலை வேண்டுமானால் மறுகாலை விட்டு விலகி, குளத்துக்குள்ளேயே கூண்டு அமைத்து வளருங்கள்.

கேள்வி: தனியார் அணை உடைந்து கீழே உள்ளவரின் வீடும் பயிரும் போனால், உரிமையாளர் ‘இயற்கைச் சீற்றம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்கான சட்டமே ஒரு தனியார் நீர்த்தேக்கத்திலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை உரிமையாளர் கட்டிய நீர்த்தேக்கத்தின் நீர், அடியில் இருந்த பழைய சுரங்கக் குழிகள் வழியே புகுந்து, பக்கத்து நிலத்தில் ஃபிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. உரிமையாளரிடம் நேரடியான கவனக்குறைவு இல்லாதபோதும், தப்பினால் தீங்கு செய்யும் ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் அதற்குப் பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

நம் பக்கத்தில் 1874இல் அதற்கு ஒரு விலக்கு உண்டாயிற்று. கார்வேட்டிநகர ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தியபோது, மதராஸ் ரயில்வே கம்பெனி வழக்குத் தொடுத்தது. நெடுங்காலமாக மக்களின் பாசனத்துக்காக ஏரிகளைக் காத்துவருவது ஜமீன்தாரின் கடமை, அவற்றை நிரவிவிடும் உரிமைகூட அவருக்கு இல்லை, ஆகவே கவனக்குறைவு இருந்தால் மட்டுமே பொறுப்பு என்று, அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் கூறியது. தோட்டத்துக்குச் சொந்தமாக, சொந்த லாபத்துக்காக, விரும்பிக் கட்டிய குளத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது என்பதே என் கருத்து. ஊர்ப் பாசனக் கடமை அங்கே இல்லை. சுதந்திரத்துக்குப் பின், பஞ்சாபில் அரசுக் கால்வாய் உடைந்து நிலங்கள் மூழ்கிய வழக்கில், சரியாகப் பராமரித்த கால்வாய் தானாக உடைவதில்லை, உடைந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது என்ற நோக்கில் உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. அரசுக்கே அப்படி என்றால் தனியாருக்குக் கூடுதல் சலுகை எப்படிக் கிடைக்கும்?

இயற்கைச் சீற்றம் என்ற வாதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2 அடிக் குழாயை மறுகாலென்று வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நிறுத்துவது கடினம். முன்பே எழுத்தில் எச்சரித்த மனுவின் ஒப்புகைச் சீட்டு கீழ்வீட்டாரிடம் இருந்தால் இன்னும் கடினம். குலசேகரம் வாசகரின் நோட்டுக்கும் இங்கே மதிப்பு உண்டு: வாராவாரம் பார்த்து எழுதியவர், கவனக்குறைவு இல்லை என்று காட்ட ஏதாவது வைத்திருப்பார். எழுதாதவரிடம் வாய்ச்சொல் மட்டுமே இருக்கும்.

கேள்வி: இரவில் மழை பெய்துகொண்டிருக்கும்போது கரையில் கலங்கல் நீர் பீறிடுவதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?
(திருவட்டார் வாசகர்)

பதில்: முதல் வேலை கீழ்வீடுகளுக்குச் சொல்வது, கரையை அடைக்கப் போவது அதன் பிறகு. சொல்ல வேண்டிய வீடுகளின் கைபேசி எண்களும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பதும், ஓடையை விட்டு விலகி எந்த மேட்டுக்குப் போவது என்பதும் மழைக்காலத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, தோட்டக் காவலர் வீட்டிலும் கீழே ஒரு வீட்டிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் ஒரே நேரத்தில் போகும் என்பதை 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் இந்த மாவட்டம் முழுவதும் பார்த்தோம். ஆகவே கோவில் மணியோ தேவாலய மணியோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ எதை அடிப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் சொல்லுங்கள். ஓடையில் கீழே இன்னொரு குளம் இருந்தால் அதன் உரிமையாளருக்கும் சொல்லுங்கள். டோல்காரோக்கில் ஆட்களைக் கொன்றது இரண்டாவது அணை.

கரையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மடை இருந்தால் திறந்து நீரை இறக்கத் தொடங்கலாம். பீறிடும் இடத்தைக் களிமண்ணால் அடைக்காதீர்கள், நீர் வேறிடத்தில் கிழித்துக்கொண்டு வரும். அதன் மேல் முதலில் பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று அடுக்கினால், நீர் வரும், மண் வராது. இதற்காக ஐந்தாறு யூனிட் மணலும் சரளையும் கரையருகே எப்போதும் குவித்து வைத்திருப்பது ஒரு தோட்டத்துக்குப் பெரிய செலவன்று. ஆனால் நீர் கரைத் தலையின் மேல் வழியத் தொடங்கிவிட்டாலோ, தலையில் குழி விழுந்துவிட்டாலோ, யாரும் கரையில் நிற்க வேண்டாம். கீழ்ச்சரிவிலோ ஓடையிலோ இறங்கவே வேண்டாம்.